நான் பனி பார்க்க வராத காரணம்

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நடைக்குழுவின் ஆண்டு மலரில் போன முறை எழுதியவர்கள் எல்லாம் டாக்டர்கள், இன்ஜினியர்கள். நான் கரூரில் பிளஸ் டூ முடித்தவள், அதுவும் இரண்டாவது முயற்சியில். இங்கே கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் ஒரு பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் தட்டு அடுக்குகிற வேலை. மாலையில் பூங்காவில் நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டே நடக்கும்போது நான் கடைசியில் வருவேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் எழும்பாது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகம்தான்.

ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நீங்கள் வேன் பிடித்து மலைக்குப் பனி பார்க்கப் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுகிறீர்கள். முட்டி வலி, மாமியார் வருகிறார், பையனுக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்லி நழுவுகிறேன். இந்த வருஷம் பனியில் நடக்கிற ஸ்னோஷூ வாடகைக்கு எடுத்து மலை ஏறப்போவதாக வாட்ஸப்பில் படம் போட்டீர்கள். "இந்தத் தடவை சாக்கு சொல்லக்கூடாது" என்று என் பெயரைப் போட்டு ஒருவர் எழுதியிருந்தார். சாக்கு சொல்லவில்லை. காரணத்தையே சொல்லிவிடுகிறேன். பேசிச் சொல்ல வராது என்பதால் எழுதிச் சொல்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியாது, நான் சின்ன வயதில் இந்த நாட்டில் இருந்தவள். கல்யாணமாகி வந்தது இரண்டாவது வருகை. அப்பாவுக்கு ஆற்றுக்கு அந்தப்புறம் நியூயார்க்கில், மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் வீடு ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம், மூன்றாவது மாடி. ரயில் போகும்போது சமையலறை டம்ளர்கள் மெல்லக் கிணுகிணுக்கும். குளிர்காலத்தில் ஜன்னலோரம் இருந்த இரும்பு ஹீட்டர் பால் பொங்குவது போல உஸ்ஸென்று சத்தம் போடும். அம்மா தாளிப்பதற்கு முன்னால் எங்கள் கோட்டுகளையெல்லாம் பெரிய குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவாள். ஒரு தடவை ரயிலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாளாம். அதிலிருந்து அந்தப் பழக்கம். இன்றைக்கும் கறுப்புக் குப்பைப் பையைப் பார்த்தால் எனக்குக் கடுகு வெடிக்கிற வாசனைதான் வரும்.

எனக்கு வீசிங் இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில் சத்தம் கேட்கும். மூச்சு முட்டினால் வாயில் அடித்துக்கொள்கிற மருந்துக்கு எங்கள் வீட்டில் 'பஃப்' என்று பெயர். கீழ்வீட்டு அங்கிள் அதற்காகவே எனக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருந்தார். அவர் மெட்ராஸ்காரர், அப்பாவோடு ஒரே வங்கியில் வேலை. "என்ன விசில், இன்னிக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் கோபம் வராது. அவர் கேலி செய்யாத ஆளே அந்தக் கட்டடத்தில் இல்லை.

எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலத்தில் வீசிங் மோசமாக இருந்தது. ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அடிக்கடி ஓடினோம். ஒரு சாயங்காலம் அம்மா கரூரில் இருந்த பெரியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் மேஜைக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது காதில் விழுந்தது. "ஆமாக்கா, நம்மூரு வெயிலு பட்டா சரியாயிரும்னுதான் இவரும் சொல்றாரு. உங்க ஊட்லயே விட்டுட்டா எனக்கு நிம்மதி."

நான் மேஜைக்கு அடியிலிருந்தே கேட்டேன். "யாரை விடப்போற?"

அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சாமி. நீ எழுது."

அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். நான்கு வயதில் அமெரிக்கா வந்தவள் நான். கரூர் என்றால் எனக்கு ஒரு பேருந்து நிலையமும், வெயிலில் கொதிக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் நினைவு. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் பள்ளிக்கூடம், என் கட்டில், கீழ்வீட்டு அங்கிளின் மகள் எல்லாம் இங்கே. அவள்தான் என் ஒரே தோழி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், இங்கேயே பிறந்தவள். நாம் தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ஜாதி. பள்ளிக்கு நாங்கள் ஒன்றாகத்தான் போவோம்.

என்னிடம் ஒரு பலமான சாட்சி இருந்தது. குளிர் ஆரம்பிக்கும்போது அம்மா எனக்குச் சிவப்பு நிறத்தில் பனி பூட்ஸ் வாங்கியிருந்தாள். ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு வைத்தது. வழக்கம்போல ஒரு சைஸ் பெரிதாக. நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டு போடவேண்டும். கடையில் வைத்து அம்மா என்ன சொன்னாள்? "அடுத்த வருஷத்துக்கும் ஆவும்." அதை வைத்தே நான் வாதாடினேன்.

"என்னை அனுப்பறதா இருந்தா எதுக்குப் பெரிய பூட்ஸ் வாங்கின? கரூர்ல பனி பெய்யுதா?"

அப்பா சிரித்துவிட்டார். "வக்கீலுக்குத்தான் படிக்க வைக்கணும் இதை."

ஆனால் நான் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ அப்பா சமையலறையில் என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி என் உயரத்துக்கு உட்கார்ந்து பேசியது அபூர்வம்.

"சரி கண்ணு. ஒரு டீல் வச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை அங்கிள் நம்ம எல்லாரையும் ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போறாரு. சின்ன மலைதான். பனி மேல நடக்கிறதுக்கு ஒரு ஷூ இருக்கு, அதைப் போட்டுட்டு ஏறணும். உச்சி வரைக்கும் வீசிங் வராம ஏறிட்டேன்னா நீ இங்கயே இரு. வந்துச்சுன்னா பெரியம்மா ஊட்டுக்குப் போகணும். அழக்கூடாது."

"பஃப் எடுத்தா?"

"எடுத்தா வந்த மாதிரிதான்."

"ப்ராமிஸா?"

"ப்ராமிஸ்."

ப்ராமிஸ் எனக்குப் போதவில்லை. அது இங்கிலீஷ் வார்த்தை, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சொல்வது. பெரியவர்களைக் கட்டிப்போடுகிற சத்தியம் எதுவென்று எனக்குத் தெரியும். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன்.

அப்பா கையைத் தூக்கினார். அடுப்படியில் இருந்த அம்மா பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியில் இருந்த குழம்பு என் பாவாடையில் சிந்தியது.

"ஏனுங்க, புள்ள தலையில கை வெக்காதீங்க."

"சும்மா விளையாட்டுக்கு…"

"விளையாட்டுக்கும் வேண்டாம். ஆவாது. கையை எடுங்க."

தலையில் சத்தியம் பண்ணுவது பாவம், அதனால் அம்மா பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பா என் உள்ளங்கையில் தட்டி முடித்துக்கொண்டார். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் பயிற்சி எடுத்தேன். பள்ளி நர்ஸ் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தார், குளிர்காற்றை நேராக நெஞ்சுக்குள் விடக்கூடாது, வாயையும் மூக்கையும் ஸ்கார்ஃபால் மூடி மூக்கு வழியாக மெதுவாக இழு, உதட்டைக் குவித்து ஊது என்று. பள்ளி விட்டு வந்ததும் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு கட்டடத்தின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். படிக்கட்டில் எப்போதும் யார் வீட்டு வெங்காயமோ வதங்கும் வாசனை இருக்கும். கம்பளிக்குள் என் மூச்சின் ஈரமும் வெங்காயமும் கலந்து வரும். தோழி கடைசிப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் டீலைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் நகத்தைக் கடித்துக்கொண்டு, "கூல்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என் டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்தார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் அல்ல. மலை ஏறப்போகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தேன், அதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பெட்டி கட்டினார்கள். கீழ்வீட்டு அங்கிள் ஏதோ நில விஷயமாக ஊருக்குப் போகிறார் என்று முன்னாலேயே தெரியும். அந்தக் காலத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரிடம் சாமான் கொடுத்துவிடுவது வழக்கம். சோப்பு, சாக்லேட், தைலம், யாரோ தாத்தாவுக்கு ஸ்வெட்டர். குளியலறை எடைமெஷினை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, பெட்டியைத் தூக்கி நிறுத்தி, குனிந்து முள்ளைப் பார்த்து, எதையாவது எடுத்து, மறுபடி நிறுத்துவார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய நீலப்பெட்டி திறந்து கிடந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அம்மா என்னை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு அடுக்கினாள். பிறகு மூட முடியாமல் கூப்பிட்டாள்.

"ஏறி உக்காரு சாமி, ஜிப்பு இழுக்கோணும்."

நான் ஏறி உட்கார்ந்தேன். துள்ளினேன்கூட. "யாருக்கும்மா இவ்வளவு?"

"அங்கிள் கூடப் போற சாமான்" என்றாள்.

அது பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் குத்துகிறது. அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. என் துணிகளை உள்ளே அடுக்கி, அதை மூட என்னையே மேலே உட்கார வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிளின் வண்டியில் கிளம்பினோம். அவர் மனைவி, அந்த ஆன்ட்டிக்கு முட்டி சரியில்லை, வரவில்லை. ஆனால் பெரிய டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்து, என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தார். ஃப்ரீவேயில் போகப் போகக் கட்டடங்கள் குறைந்து, மரங்கள் வந்து, மரங்களுக்கு நடுவில் பனி வந்தது. ஊருக்குள் நாங்கள் பார்த்த பனி வண்டிப் புகையில் கறுத்துப்போனது. இது யாரும் தொடாதது. பார்க்கவே கண் கூசியது.

மலையடிவாரத்தில் ஒரு மரவீட்டுக் கடை. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஸ்னோஷூக்களைச் சுவரில் மாட்டியிருந்தார். நீங்கள் போட்ட படத்தில் இருப்பது போலப் பிளாஸ்டிக் இல்லை. வளைத்த மரச்சட்டம், நடுவில் தோல்வார் பின்னல், பார்ப்பதற்குப் பெரிய பூப்பந்து மட்டை மாதிரி. பூட்ஸோடு அதன்மேல் ஏறி நின்று வாரை இறுக்க வேண்டும். பனியில் கால் புதையாமல் மேலேயே நடக்கலாம்.

"ரெண்டு முறத்தைக் கால்ல கட்டிட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. சுடிதார் மேல் அப்பாவின் பழைய கோட்டு, தலையில் மங்கி கேப், காலுறைக்கு மேல் கடைப் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் பூட்ஸ். நடக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது.

"சிஸ்டர், நீங்க இப்படியே போனா கரடி பயந்து ஓடிடும்" என்றார் அங்கிள்.

"உங்க பேச்சக் கேட்டா கரடியே முறத்தைக் கட்டிட்டு ஓடிருமுங்க."

எல்லோரும் சிரித்தோம். என் தோழி மட்டும் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாரை இழுத்து முடிச்சுப் போட்டபோது, "ஹே, ரொம்ப டைட்டா போடாத. டோன்ட் ஸ்க்ராட்ச் தெம்" என்றாள். என் பூட்ஸ் மேல் கோடு விழக்கூடாதாம். நல்ல தோழி, என் பொருளுக்கு இவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

ஏற ஆரம்பித்தோம். காட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் ஸ்னோஷூ பனியை அழுத்தும் கரக் கரக் சத்தம் மட்டும். இலையில்லாத மரங்கள், நடுநடுவே பச்சை ஊசியிலை மரங்கள். அதன் கிளையில் இருந்து திடீரென்று ஒரு வாளி பனி சரிந்து விழும். கால்களை அகட்டி வைத்து நடக்காவிட்டால் ஒரு மட்டை மேல் இன்னொரு மட்டை ஏறி விழுந்துவிடுவோம். அங்கிள் இரண்டு தடவை விழுந்தார். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, "தலைவா, நான் இங்கயே செட்டில் ஆயிடறேன், ஆபீஸ்ல சொல்லிடு" என்றார் அப்பாவிடம்.

நான் பேசவே இல்லை. மூக்கு வழியாக இழு, உதட்டைக் குவித்து ஊது. ஸ்கார்ஃப் நனைந்து, வெளிப்பக்கம் பனித்துகள் கட்டி, தாடையில் உரசியது. அப்பா எனக்குச் சற்று முன்னால் போனார். பஃப் உறைந்துபோகக் கூடாது என்று கோட்டின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பினார்.

"கண்ணு, பஃப் எடுத்துக்கறியா?"

"வேண்டாம்."

"மூச்சு வாங்குதே."

"அது ஏறினா எல்லாருக்கும் வாங்கறதுதான். வீசிங் இல்ல. வேணும்னா காதை வச்சுக் கேளு."

அவர் நிஜமாகவே குனிந்து என் கோட்டின்மேல் காதை வைத்துக் கேட்டார். காதுமடல் சிவந்து கிடந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை நான் கவலை என்று நினைத்தேன். அடுத்த திருப்பத்தில் மறுபடி, "பஃப் எடுத்துக்கறியா கண்ணு, கொஞ்சூண்டு?" அதற்கடுத்த திருப்பத்தில், "பேசாம இங்கயே உக்காந்துக்கலாமா? இதுவே பாதிக்கு மேல வந்தாச்சு." நான் அவரைத் தாண்டி முன்னால் போய்விட்டேன்.

கடைசி ஏற்றம் பாறை. அங்கே காற்று அடித்தது. நெஞ்சு எரிந்தது, கண்ணீர் வந்து இமையில் உறைந்தது. ஆனால் விசில் வரவில்லை. நான் நின்று, மூச்சைப் பிடித்து, எனக்குள் கவனித்துக் கேட்டேன். இல்லை. ஒரு மரக்கம்பத்தில் ஏதோ எழுதிய பலகை இருந்தது. அதற்கு மேல் ஏற ஒன்றுமில்லை. கீழே உறைந்த ஒரு ஏரி, வெள்ளைத் தட்டு மாதிரி. நான்தான் முதலில் நின்றேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். நான் ஸ்கார்ஃபை இறக்கிவிட்டுக் கத்தினேன், "வந்துட்டேன்! வீசிங் வரல!"

யாரும் கைதட்டவில்லை.

அங்கிள் இரண்டு கையையும் தூக்கினார், "விசில்…" என்று ஆரம்பித்தார், அப்படியே நிறுத்திக் கைகளை இறக்கிக்கொண்டார். தோழி பனியைக் காலால் கிளறினாள். அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறக்க முயன்றாள். மூடி திறக்கவில்லை. திறக்காத மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கேட்டுப் பாரு. விசில் இல்ல."

"ஆமா கண்ணு" என்றார் அப்பா. ஏரியைப் பார்த்தார்.

"அப்ப நான் இங்கயே இருக்கேன், இல்ல?"

"மொதல்ல சாப்புடு. ஆறிப்போச்சு."

ஆறிப்போகவில்லை, உறைந்துபோயிருந்தது. புளிச்சோறு கட்டியாக, வேர்க்கடலை கல் மாதிரி இருந்தது. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, சோற்றை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கி எனக்கு ஊட்டினாள். அவள் ஊட்டி நான் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் விரல் என் உதட்டில் பனிக்கட்டி போலப் பட்டது. பிறகு அங்கிள் கேமராவை எடுத்தார். ஆள் மாற்றி ஆள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவோடு ஒன்று, அம்மாவோடு ஒன்று, தோழியோடு ஒன்று. நான் ஜெயித்துவிட்டேன், அதற்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்து ஒவ்வொரு படத்திலும் பல் தெரியச் சிரித்தேன். அந்தப் படங்கள் வீடு மாற்றியதில் எங்கோ தொலைந்துபோனதாக அம்மா சொல்கிறாள். தொலைந்தது நல்லதுதான்.

இறங்கும்போது தோழியும் நானும் முன்னால் ஓடினோம். இறக்கத்தில் அந்த மட்டைகளோடு ஓடினால் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போகலாம். நான் வேண்டுமென்றே ஒரு பாறையில் இடித்து நின்றேன். சிவப்புத் தோலில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது.

"ஐ டோல்ட் யூ!" என்று அவள் கத்தினாள். அழுகிற மாதிரி இருந்தது குரல். "பாத்து நடன்னு சொன்னேன்ல? அது என்னோடது!"

"என்னோட பூட்ஸ் எப்படி உன்னோடதாகும்?"

"நாளைக்கு நீ என் டாடி கூட இந்தியா போறல்ல. தென் இட்ஸ் மைன். உங்க அம்மாதான் சொன்னாங்க. நேத்து நான் போட்டுக்கூடப் பாத்தேன். பஞ்சே வேண்டாம், கரெக்டா இருந்துச்சு." பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

நான் அங்கேயே நின்றேன். பின்னால் மூன்று பெரியவர்களின் கரக் கரக் சத்தம் நெருங்கி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. நீலப்பெட்டி. டீச்சர். ஆன்ட்டியின் கை. படிக்கட்டில் நகம் கடித்துக்கொண்டு இவள் சொன்ன 'கூல்'. ஒரு வாரமாக நான் ஸ்கார்ஃபுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கடைவாசலில் அப்பா மண்டியிட்டு என் ஸ்னோஷூ வாரை அவிழ்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. அவர் தலையைக் குனிந்தே வைத்திருந்தார்.

"அப்பா, நாளைக்கு நான் ஊருக்குப் போறேனா?"

அவர் விரல்கள் நின்றன. மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தன.

"வண்டில ஏறு கண்ணு. குளுருது."

"வீசிங் வரல. டீல் போட்டோமே."

"வண்டில ஏறு."

நான் அழவில்லை. அழக்கூடாது என்பதும் டீலில் இருந்தது. என் பங்கை நான் காப்பாற்றினேன்.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவர் போன பிறகு ஒருநாள் போனில் அம்மாவிடம் கேட்டேன், டிக்கெட் எடுத்துவிட்டு எதற்காக என்னை மலை ஏற்றினீர்கள் என்று. "நீ பாதியில உக்காந்துருவேன்னு நெனச்சாரு சாமி. உன்னால ஆவாதுன்னு உனக்கே தெரிஞ்சுட்டா அழாம போவேன்னு நெனச்சாரு. நீ ஏறுவேன்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல." அவ்வளவுதான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. என் மூச்சு என்னைக் கைவிடும் என்று நம்பி அதன்மேல் பாரத்தைப் போட்டிருக்கிறார்கள். அது கைவிடவில்லை.

வெயில் பட்டால் சரியாகிவிடும் என்றார்களே, பெரியம்மா வீட்டுக்கு ஒட்டினாற்போல விசைத்தறிக் கூடம். நாள் முழுக்கத் தறி ஓடும். பஞ்சுத்தூசி ஜன்னல் கம்பியில் தாடி மாதிரி தொங்கும். பனியில் வராத வீசிங் எனக்கு அங்கே வந்தது. படுத்தே கிடந்து, வாசிக்கத் தெரியாத தமிழ்ப் புத்தகங்களோடு மாரடித்து, படிப்பில் பின்தங்கிப் போனேன். ஒரு வருஷம்தான் என்றார்கள். அடுத்த வருஷம் அப்பாவின் கான்ட்ராக்ட் வேறு ஊருக்கு மாறியது. அதற்கடுத்த வருஷம் தம்பி பிறந்தான். பிறகு படிப்பை நடுவில் கலைக்க வேண்டாம் என்றார்கள். தம்பிக்கும் வீசிங் உண்டு. அவனை எங்கும் அனுப்பவில்லை.

தோழி இப்போது டெக்சஸில் டாக்டர். ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். "ரெட் பூட்ஸா? எனக்கா?" என்று சிரித்தாள். சுத்தமாக நினைவில்லை.

அதனால் இந்த வருஷமும் நான் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள். உச்சிக்கு யார் முதலில் ஏறினாலும் கைதட்டுங்கள்.

மலை ஏறிய மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் விமானம். துணி ஷூ போட்டுக்கொண்டு போனேன். நீலப்பெட்டி எடை சரியாக இருந்தது. அங்கிள் என்னை விசில் என்று கூப்பிடவில்லை. விமான நிலையத்தில் உள்ளே போகும் இடத்தில் அப்பா என் முன்னால் குனிந்து, "ஒரே வருஷம்தான் கண்ணு, சத்தியமா" என்று என் தலையை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.